மிலிட்டரிக்காரரைக் காதலிக்கும் தங்கைகளுக்கு

மிலிட்டரியில் இருக்கிற ஒருவரைக் காதலிக்கிறேன், எப்படி அக்கா காத்திருப்பது என்று என்னிடம் கேட்கும் பெண்கள் உண்டு. எல்லோரும் தூரத்தைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். துபாயிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்ப்பவர்களும் தூரத்தில்தான் இருக்கிறார்கள். ஆனால் ராத்திரியானால் வீடியோ காலில் வந்துவிடுவார்கள். பட்டாளத்தில் இருப்பவரைக் காதலிப்பதில் பெரிய கஷ்டம் செய்திதான். செய்தி எப்போது வரும், யார் மூலமாக வரும், வராமல் போனால் அதை எப்படி எடுத்துக்கொள்வது? இது தெரிந்துவிட்டால் பாதி பாரம் இறங்கிவிடும். எனக்கு அது தெரியவந்த விதத்தை எழுதுகிறேன்.

நாங்கள் இருவரும் கடலூர் தேவனாம்பட்டினத்தில் உள்ள பெரியார் அரசு கலைக் கல்லூரியில் படித்தவர்கள். அவருக்குப் பண்ருட்டிப் பக்கம், முந்திரித் தோப்புகளுக்கு நடுவே ஒரு கிராமம். விடிவதற்கு முன்னால் சில்வர் பீச் மணலில் ஓடிக்கொண்டிருப்பார். ஆர்மிக்கு ஆள் எடுக்கும் ராலியில் 1,600 மீட்டர் ஓட வேண்டும், மணலில் பழகின காலுக்குத் தரை சுலபம் என்பார். படிப்பை முடிப்பதற்குள்ளேயே தேர்வாகி, நீலகிரியில் வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமெண்ட் சென்டருக்குப் போய்விட்டார். 1758-ல் தொடங்கிய ரெஜிமெண்ட் அது. முதல் லீவில் வந்தபோது, "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு" என்ற அவர்களுடைய போர் முழக்கத்தைக் கடற்கரையில் எனக்கு மட்டும் கேட்கும்படி சொல்லிக் காட்டினார். போர் முழக்கத்தை ரகசியமாகச் சொன்ன அந்த முகத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

பயிற்சி முடிந்ததும் கசம் பரேடு என்று ஒன்று நடக்கும். சத்தியப் பிரமாணம் எடுக்கும் அணிவகுப்பு. பெற்றோரை அழைப்பார்கள். அவருடைய அப்பாவும் அம்மாவும் போய்வந்தார்கள். நான் கடலூரில் இருந்தேன். அன்றைக்குத்தான் ஒன்று உறைத்தது. ஆர்மியின் எந்தக் காகிதத்திலும் காதலிக்கு இடம் கிடையாது. அவர்களிடம் கிண்ட்ரெட் ரோல் என்று ஒரு பதிவு இருக்கிறது. அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்கள், கல்யாணமானால் மனைவி, பிள்ளைகள் என்று குடும்பத்தில் உள்ளவர்கள் அதில் இருப்பார்கள். அவருக்கு ஏதாவது ஆனால் யூனிட்டிலிருந்து தகவல் அவருடைய அப்பாவுக்குப் போகும். அந்த அப்பாவுக்கு என் பெயர்கூடத் தெரியாது. அவர் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தாலும் ஊரே அறிந்த பிறகு யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அதனால் நான் அவரிடம் கேட்ட முதல் பெரிய காரியம், "உன் அக்காகிட்ட நம்மளப் பத்திச் சொல்லு" என்பதுதான். தயங்கினார். நான் விடவில்லை. அக்காவை நெல்லிக்குப்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை அக்கா திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயிலுக்கு என்னை வரச் சொன்னார். பிராகாரத்தில் உட்கார்ந்து ரொம்ப நேரம் என் வீட்டைப் பற்றியே விசாரித்துவிட்டு, கடைசியில் ஒன்று சொன்னார்: "பட்டாளத்துல இருக்கிறவனுக்குக் காத்திருக்கிற பொண்ணு பாதியில போயிடக்கூடாது பாப்பா. போறதா இருந்தா இப்பவே போயிடு. அங்க போய் அவன் மனசு உடையக் கூடாது." நான் போகமாட்டேன் என்றேன். என் நம்பரைத் தன் ஃபோனில் பதிந்துகொண்டார். பெற்றவர்களிடம் காதலைச் சொல்ல இன்னும் நாளாகலாம், பரவாயில்லை. அவர் வீட்டில் ஒரே ஒரு ஆளுக்காவது நீங்கள் யார் என்று தெரிந்திருக்க வேண்டும். இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

முதலில் பஞ்சாபில் ஒரு கன்டோன்மென்டில் இருந்தார். தினமும் பேசினோம். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. 2018-ல் யூனிட் காஷ்மீருக்குப் போனது. எந்த இடம் என்று நான் கேட்டதில்லை, இப்போதும் எழுத மாட்டேன். போவதற்கு முன்னால் வந்த லீவில் இருவரும் உட்கார்ந்து சில விஷயங்களைப் பேசிவைத்துக்கொண்டோம். ஜம்மு காஷ்மீரில் வெளிமாநில ப்ரீபெய்டு சிம் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். அதனால் அவருடைய நம்பரை முதலில் போஸ்ட்பெய்டாக மாற்றினோம். அப்புறம், ஃபோன் வராவிட்டால் சிக்னல் இல்லை அல்லது டியூட்டியில் இருக்கிறார் என்று மட்டுமே நான் எடுத்துக்கொள்வேன் என்று முடிவு செய்தோம். கெட்ட செய்தி என்றால் அது யூனிட் வழியாக வீட்டுக்கு வரும், வீட்டிலிருந்து அக்கா வழியாக எனக்கு வரும். அக்கா கூப்பிடவில்லை என்றால் அவர் நன்றாக இருக்கிறார்.

இன்னொன்றும் பேசினோம், அதைத்தான் நான் ரொம்ப முக்கியமாக நினைக்கிறேன். கோபத்தைக் காட்ட ஃபோனை எடுக்காமல் இருப்பது எங்களுக்குள் கூடாது. காதலிப்பவர்களுக்குள் இது சகஜம். சண்டை வந்தால் இரண்டு நாள் பேசாமல் இருப்பார்கள், அப்புறம் சமாதானம் ஆகிவிடும். பட்டாளத்துக் காதலுக்கு இது ஒத்துவராது. நான் எடுக்காத அந்தக் காலுக்காக அவர் எவ்வளவு நேரம் வரிசையில் நின்றார், சிக்னல் தேடி எந்த மேட்டில் ஏறினார் என்று எனக்குத் தெரியாது. அடுத்த கால் எப்போது என்று அவருக்கும் தெரியாது. அதனால் கோபம் என்றால் கோபமாக இருக்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் வைப்போம். எங்கள் சண்டைகள் எல்லாம் அப்படித்தான் நடந்தன, சின்னச் சின்னதாக, சத்தமாக.

2019 பிப்ரவரி 14, காஷ்மீரில் புல்வாமா தாக்குதல். மத்திய ரிசர்வ் போலீஸ் படையான சி.ஆர்.பி.எஃப். வீரர்கள் 40 பேர் இறந்துபோனார்கள். அதில் ஒருவர் எங்களுக்குப் பக்கத்து மாவட்டமான அரியலூரைச் சேர்ந்தவர், இன்னொருவர் தூத்துக்குடி மாவட்டத்துக்காரர். அதற்குச் சில வாரங்கள் முன்னால்தான் எங்கள் வீட்டில் விஷயத்தைச் சொல்லியிருந்தேன். அப்பா ராத்திரி முழுக்க டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். காலையில் என்னைக் கூப்பிட்டு, "அந்தப் பொண்ணு அழுறதப் பாத்தேன். அந்த இடத்துல உன்ன வச்சுப் பாக்க என்னால முடியல பாப்பா, இது வேணாம்" என்றார். ஆர்மி வேறு, சி.ஆர்.பி.எஃப். வேறு என்று விளக்க எனக்கு வாய் வரவில்லை. ஒரு தகப்பனுடைய பயத்துக்கு முன்னால் அந்த வித்தியாசத்துக்கு என்ன மதிப்பு?

அப்பாவிடம் நான் வாதாடவில்லை. அடுத்த லீவில் அவரே வீட்டுக்கு வந்தார். எங்கள் தெருவில் இருக்கும் ரிட்டையர்டு ஹவில்தார் ஒருவரை அப்பா துணைக்கு அழைத்து உட்காரவைத்துக்கொண்டார். "பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது" என்று இவர் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. தனக்கு ஏதாவது ஆனால் யார் தகவல் சொல்வார்கள், இன்சூரன்ஸ் எப்படி, மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் எப்படி, நான் என் வேலையை விடாமல் எங்கே இருப்பேன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கல்யாணம் பேச வந்த இடத்தில் இதையெல்லாம் பேசுகிறாரே என்று அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா மட்டும் கடைசிவரை கேட்டார். "ஏமாத்துறவன் இப்படிப் பேசமாட்டான்" என்று பிறகு சொன்னார். உங்கள் வீட்டிலும் பயந்தால், சம்பளத்தையும் கேன்டீன் சலுகையையும் முன்னால் வைக்காதீர்கள். அவர்கள் எதற்குப் பயப்படுகிறார்களோ அதையே அவர் எதிரில் உட்கார்ந்து பேசட்டும்.

அந்த வருடம் ஆகஸ்ட் 5-ஆம் தேதி காஷ்மீரில் ஃபோன், இணையம் எல்லாம் நிறுத்தப்பட்டன. போஸ்ட்பெய்டு இணைப்புகள் திரும்ப வந்தது அக்டோபர் 14-ல்தான். முதல் நாள் சமாளித்தேன். அதற்கு மேல் கடலூர் - புதுச்சேரி பஸ்ஸில் வேலைக்குப் போகும் வழியெல்லாம், கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஃபோனை எடுத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். டிவி பார்ப்பதை நிறுத்தினேன். வாட்ஸப்பில் வந்த ஃபார்வர்டுகளைத் திறக்கவே இல்லை. இது கோழைத்தனம் கிடையாது. அந்தச் செய்திகளில் அவரைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது, என் தூக்கம் மட்டும் போகும்.

ஒருநாள் மதியம் அக்காவிடமிருந்து கால். எடுக்கும்போது கை நடுங்கியது. "பேசிட்டான் பாப்பா, நல்லா இருக்கான். உங்கிட்டச் சொல்லச் சொன்னான்." யூனிட்டில் ஒரு லைன் கிடைத்திருக்கிறது, வரிசையில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு கால், அதுவும் சில விநாடி. எனக்குப் பேசினால் அம்மாவுக்குத் தெரியாது, அம்மாவுக்குப் பேசினால் எனக்குத் தெரியாது. அக்காவுக்குப் பேசினால் இரண்டு பேருக்கும் போய்ச் சேரும் என்று அவர் கணக்குப் போட்டிருக்கிறார். என்னிடம் பேசவில்லையே என்று ஒரு துளிகூட எனக்கு வருத்தம் வரவில்லை. நான் வேலை பார்க்கும் லேப் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன், சந்தோஷத்தில்.

அந்த மாதங்களில்தான் கடிதம் எழுதத் தொடங்கினோம். ஆர்மி முகவரியில் ஊர்ப் பெயர் இருக்காது. ஆர்மி நம்பர், ரேங்க், பெயர், யூனிட், கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ. (ஆர்மி தபால் நிலையம்), அப்புறம் 9-ல் தொடங்கும் பின்கோடு, அவ்வளவுதான். கிழக்குப் பக்கம் இருப்பவர்களுக்கு 99 ஏ.பி.ஓ. தனியார் கூரியர் அங்கே போகாது. தபால்துறை வழியாக மட்டும் போகும், ஸ்பீடு போஸ்ட்டும் போகும். அவர் ஃபோனில் சொல்லத் தெரியாததையெல்லாம் கடிதத்தில் எழுதினார். பனி விழும்போது சத்தமே இருக்காது என்றும், கடலூரில் அலைச்சத்தம் கேட்டே வளர்ந்த காதுக்கு அது பழகவில்லை என்றும் எழுதியிருந்தார். என்னைப் பற்றியும் எழுதினார், அதை இங்கே எழுத முடியாது.

கடிதங்களுக்கு நம்பர் போடச் சொல்லிக்கொடுத்தது ஒரு பாட்டி. புதுச்சேரியில் நான் வேலை பார்க்கும் லேபுக்குச் சொல்தா வீட்டுப் பெரியவர்கள் வருவார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களின் குடும்பங்கள். இந்தப் பாட்டியின் வீட்டுக்காரர் இந்தோசீனாவில், 1954-ல் முடிந்த அந்தப் போரில் இருந்தவர். சைகோனிலிருந்து கப்பலில் கடிதம் வருமாம். ஒருமுறை பின்னால் எழுதிய கடிதம் முதலில் வந்துவிட்டது, காய்ச்சல் விட்டுவிட்டது என்று. காய்ச்சல் கடுமையாக இருக்கிறது என்று முன்னால் எழுதியது அதற்கு அப்புறம் வந்தது. திரும்பக் காய்ச்சல் வந்துவிட்டது என்று நினைத்து ஒரு வாரம் சாப்பிடாமல் கிடந்தாராம். "வந்த தேதியப் பாக்காத, எழுதின தேதியப் பாரு. மேல நம்பர் போடச் சொல்லு" என்று, நான் ரத்தம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே சொன்னார். அன்றிலிருந்து எங்கள் கடிதங்கள் எல்லாவற்றிலும் மூலையில் ஒரு எண் இருக்கும்.

பார்சல் அனுப்புபவர்களுக்கு ஒரு வார்த்தை. முறுக்கு தூளாகத்தான் போய்ச் சேரும், தட்டை தாங்கும். எண்ணெய் ஒழுகும் ஊறுகாய் வேண்டாம், பருப்புப் பொடி அனுப்புங்கள். பண்ருட்டி முந்திரி எவ்வளவு அனுப்பினாலும் போதாது, ஏனென்றால் பார்சலைப் பிரிக்கும்போது அவருடைய சின்னப் படைக்குழுவான செக்‌ஷனே சுற்றி நிற்கும். அவருக்கு மட்டும் என்று அளந்து அனுப்பினால் அவருக்கு ஒன்றும் மிஞ்சாது.

கல்யாணம் 2020 தை மாதம், திருவந்திபுரம் தேவநாத சுவாமி கோயிலில். அவரைப் போல 2022-க்கு முன் சேர்ந்த சிப்பாய்களுக்கு வருடத்துக்கு 60 நாள் ஆண்டு விடுப்பும் 30 நாள் தற்செயல் விடுப்பும் உண்டு. ஆனால் அதை எப்போது கொடுப்பார்கள் என்பது யூனிட்டின் நிலைமையைப் பொறுத்தது. லீவு சாங்ஷன் ஆகும் தேதி வேறு, அவர் வாசலில் வந்து நிற்கும் தேதி வேறு. பனியில் சாலை மூடிக்கொள்ளும், ட்ரான்ஸிட் கேம்ப்பில் காத்திருக்க வேண்டும், அப்புறம் தில்லி வந்து, தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் பிடித்தால் சென்னைக்கே இரண்டு ராத்திரி. நாங்கள் ஜோசியரிடம் இரண்டு முகூர்த்தம் குறித்து வாங்கினோம். மண்டபக்காரரிடம் உள்ளதைச் சொன்னோம். மிலிட்டரி மாப்பிள்ளை என்றதும் அவர் மனசார ஒத்துழைத்தார். பத்திரிகையை மாப்பிள்ளை ரயில் ஏறிய பிறகுதான் அச்சுக்குக் கொடுத்தோம். முகூர்த்தக்கால் நட்ட பிறகு மாப்பிள்ளை வந்து சேர்ந்தார். உதடெல்லாம் வெடித்து, முகம் கறுத்து, ஆனால் அதே சிரிப்பு.

கல்யாணம் ஆனவுடன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. விருந்துக்கு ஊர் ஊராகப் போவதற்கு முன்னால் இதை முடியுங்கள். தமிழ்நாட்டில் திருமணத்தை 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். அந்தச் சான்றிதழை அவர் யூனிட்டில் கொடுத்தால், பார்ட் டூ ஆர்டர் என்ற ஆணை வெளியாகும். அதற்கு அப்புறம்தான் ஆர்மி கணக்கில் நீங்கள் மனைவி. மிலிட்டரி ஆஸ்பத்திரி, குடும்பக் குவார்ட்டர்ஸ், எல்லாமே அதற்குப் பின்னால்தான். இதில் நம் ஊர்க்காரர்களுக்கு வரும் தொல்லை இனிஷியல். ஆர்மி படிவத்தில் முழுப் பெயர், குடும்பப் பெயர் என்று கேட்பார்கள். நம்மிடம் இருப்பதோ ஓர் எழுத்து. ஆதாரில் ஒரு மாதிரி, சான்றிதழில் ஒரு மாதிரி இருந்தால் மாதக்கணக்கில் அலைய வேண்டும். எல்லாவற்றிலும் ஒரே எழுத்துக்கூட்டல் இருக்கிறதா என்று கல்யாணத்துக்கு முன்பே பார்த்து வையுங்கள்.

அடுத்தது நாமினி. கல்யாணம் ஆகாதவருக்குப் பெரும்பாலும் அம்மா பெயர்தான் இருக்கும். மருமகள் வந்ததும் பெயரை மாற்றச் சொல்வது எந்த வீட்டிலும் சங்கடமான பேச்சு. அவருடைய அம்மா களையெடுத்து, முந்திரி உடைத்து அவரை வளர்த்தவர். ஆர்மி குரூப் இன்சூரன்ஸில் பங்கு பிரித்து எழுதலாம் என்று அவர் சொன்னதும், அம்மாவுக்கும் பங்கு இருக்கட்டும் என்று நானே மாமியார் முன்னாலேயே சொன்னேன். அந்த ஒரு வார்த்தையால் அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த இடத்தை வேறு எதனாலும் நான் பெற்றிருக்க முடியாது. காசைப் பற்றிப் பேசுவது அன்புக்குக் குறைச்சல் என்று நினைக்காதீர்கள்.

அவர் திரும்பிப் போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில், மார்ச் 25 ஊரடங்கு. லீவு தள்ளித் தள்ளிப் போனது. அந்த நவம்பரில் நிவர் புயல். 25-ஆம் தேதி ராத்திரி புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. 2011 தானே புயலில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்ததைப் பார்த்த ஊர் எங்களுடையது, புயல் என்றாலே குலை நடுங்கும். கரண்ட் போய், ஃபோன் சார்ஜ் இறங்கி, மறுநாள்தான் அவரிடம் பேச முடிந்தது. "ராத்திரி முழுக்க நியூஸ்ல கடலூர் கடலூர்னே காட்டுறான், உன் ஃபோன் ஸ்விட்ச் ஆஃப்" என்றவர் அதற்கு மேல் பேசவில்லை. எல்லையில் துப்பாக்கியோடு நிற்பவருக்கும் செய்திக்காகத் தவிக்கிற ராத்திரி உண்டு. அதன்பிறகு மழைக்காலத்தில் பவர் பேங்க் நிரப்பி வைப்பேன். புயல் எச்சரிக்கை வந்தால், லைன் போவதற்கு முன்பே "வீட்டில் பத்திரமாக இருக்கிறேன், ஃபோன் போகலாம்" என்று செய்தி அனுப்பிவிடுவேன். வீட்டில் நடக்கும் கஷ்டங்களையும் மறைப்பதில்லை. நடந்ததையும், அதற்கு நான் என்ன செய்திருக்கிறேன் என்பதையும் சேர்த்தே சொல்வேன். பாதியைச் சொல்லி வைத்துவிட்டால் மீதியை அவர் அங்கே கற்பனை செய்துகொண்டிருப்பார்.

சமூக ஊடகம் பற்றி: 2020 ஜூலையில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் உட்பட 89 ஆப்களை நீக்கும்படி ஆர்மி தன் ஆட்களுக்குச் சொன்னது. அவர் நீக்கினால் போதாது. நீங்கள் அவருடைய யூனிபார்ம் படத்தைப் போட்டு, லீவு முடிந்து எங்கே போகிறார் என்று எழுதினால் எல்லாம் வீண். பெருமை உங்களுக்குள் இருக்கட்டும்.

லீவில் வருபவர் முதல் சில நாள் தூங்குவார், பேச்சும் குறைவாக இருக்கும். உங்கள் மேல் ஆசை குறைந்துவிட்டது என்று அர்த்தம் கிடையாது. உடம்பு இறங்கி வர நேரம் எடுக்கும். விருந்து, கோயில், உறவினர் எல்லாவற்றையும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும் நாளையும் அதற்கு முந்தின நாளையும் யாருக்கும் கொடுக்காதீர்கள். அந்த இரண்டு நாளில் நாங்கள் சில்வர் பீச்சுக்குப் போவோம், அவர் தன் டிரங்குப் பெட்டியை அடுக்குவார், நான் பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக் கொடுப்பேன். எங்கள் காதலில் எனக்குப் பிடித்த நேரம் எது என்று கேட்டால் அந்தத் துணி மடிக்கும் நேரத்தைத்தான் சொல்வேன்.

குடும்பத்தோடு இருக்கக்கூடிய பீஸ் போஸ்டிங் கிடைத்துக் குவார்ட்டர்ஸுக்கு வரிசையில் காத்திருந்து சேர்ந்து வாழ்ந்த காலமும் வந்தது. அதற்கு நான் வேலையை விட வேண்டியிருந்தது, திரும்பக் கடலூர் வந்ததும் மறுபடி சேர்ந்தேன். எந்த ஊரிலும் வேலை கிடைக்கிற படிப்பு ஒன்று கையில் இருந்தால் நல்லது. லேப் டெக்னீஷியன், நர்ஸ், டீச்சர், தையல், எதுவானாலும் சரி. இப்போது அவர் மறுபடி ஃபீல்டில், குடும்பத்தைக் கூட்டிப் போக முடியாத இடத்தில் இருக்கிறார்.

கல்யாணம் ஆனவர்கள் இன்னொரு இடத்தையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் கடலூரிலும் இருக்கிறது. பெயரில் முன்னாள் என்று இருப்பதால் பலர் போவதில்லை. பணியில் இருப்பவர்களின் குடும்பமும் போகலாம். நிலத் தகராறு, சான்றிதழ் சிக்கல் என்று எதுவாக இருந்தாலும், ஆள் ஊரில் இல்லாத வீட்டுக்கு எங்கே மனு கொடுப்பது என்று அங்கே சொல்வார்கள். போகும்போது அவருடைய ஆர்மி நம்பர், யூனிட் முகவரி, திருமணச் சான்றிதழ் நகல், பார்ட் டூ ஆர்டர் நகல் நான்கையும் ஒரே கவரில் போட்டு எடுத்துப் போங்கள். மாமியாரையும் கூட்டிப் போங்கள், அவருக்கும் அந்த அலுவலகத்துக்கு வழி தெரிந்திருக்கட்டும்.